இரவு 2 மணிக்கு உங்கள் கணினி விழித்திருக்கிறதா?

வீட்டுக் கணினிக்குள் உளவு நிரல் ஏதும் புகுந்திருக்கிறதா என்று சோதிக்கும் வேலையை விண்டோஸ் தானாகவே பார்த்துக்கொள்ளும் என்பது பலருக்கும் தெரியும். எந்த நேரத்தில் பார்க்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. விண்டோஸில் ‘ஆட்டோமேட்டிக் மெயின்டனன்ஸ்’ என்ற பராமரிப்பு ஏற்பாடு ஒன்று உண்டு. நாம் கை வைக்காதவரை அதற்குக் குறித்திருக்கும் நேரம் இரவு 2 மணி. அந்த வேளையில் கணினி மின்னிணைப்பில் இருந்து, யாரும் பயன்படுத்தாமல் இருந்தால் ஸ்கேன் ஓடும்.

இரவு முழுக்கக் கணினிகள் இயங்கும் அலுவலகத்துக்கு இது நல்ல நேரம். சிங்கப்பூரில் ஈசூனிலோ ஜூரோங்கிலோ இருக்கும் நான்கறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் நடப்பது வேறு. பிள்ளைகளின் வீட்டுப்பாடம், அப்பாவின் வங்கி வேலை, அம்மா ஊருக்குப் பேசும் வீடியோ அழைப்பு எல்லாம் முடிந்து, பதினொரு மணிக்கு மடிக்கணினியை மூடி, சார்ஜரைக் கழற்றி, அலமாரியில் வைத்துவிடுகிறோம். மூடிய கணினியில் எந்தச் சோதனையும் நடப்பதில்லை. தவறிய சோதனையை விண்டோஸ் மறுநாள் கணினி சும்மா இருக்கும் நேரம் பார்த்துச் செய்ய முயலும். நான்கு பேர் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினி சும்மா இருப்பதே அரிது. வேலை முடிந்ததும் மூடிவிடுகிறோமே.

சோதனை நேரத்தைத் தயாரிப்பு நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடக்கூடாது, அதை வீட்டின் பொழுதுக்கு ஏற்ப நாமே குறிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இந்தச் சிறப்புக் கட்டுரை. அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், காசும் செலவாகாது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் யாரும் அதைச் செய்திருக்கமாட்டார்கள்.

அப்போது ஆர்ப்பாட்டம், இப்போது அமைதி

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உளவு நிரல் வந்துவிட்டால் வீட்டுக்கே தெரியும். திரை நிறைய விளம்பரங்கள் குதிக்கும், உலாவியின் முகப்புப் பக்கம் மாறிவிடும், கேட்காத பட்டைகள் மேலே வந்து உட்காரும், கணினி நகர மறுக்கும். ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நம்மில் ஏராளம். ஜெர்மானிய நிரலாளர் பாட்ரிக் கோலா எழுதிய ‘ஸ்பைபாட்’, லாவாசாஃப்ட் நிறுவனத்தின் ‘ஆட்-அவேர்’ ஆகிய இரண்டும் அந்நாளில் கணினி பழுதுபார்ப்பவர்களின் கைமருந்துகள். 2004 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ‘ஜயன்ட்’ என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. அந்நிறுவனத்தின் உளவு நிரல் தடுப்பான்தான் 2006இல் ‘விண்டோஸ் டிஃபெண்டர்’ ஆனது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அதுவே வைரஸ் தடுப்பு வேலையையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. இன்று நம் கணினியில் இருக்கும் டிஃபெண்டர், அடிப்படையில் உளவு நிரல்களைப் பிடிக்கப் பிறந்த கருவி.

திருடன் மாறிவிட்டான். இன்றைய ‘இன்ஃபோஸ்டீலர்’ வகை நிரல்கள் விளம்பரம் காட்டுவதில்லை, வேகத்தைக் குறைப்பதில்லை. உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள், அட்டை விவரங்கள், ‘குக்கி’ எனப்படும் நுழைவு அடையாளங்கள் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடும். குக்கி கைமாறினால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், ஏற்கெனவே திறந்திருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்குள் நேரே வந்து உட்காரலாம். இவ்வகையில் ஒன்றான ‘லம்மா’, 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் உலகெங்கும் 394,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது.

இந்தப் போராட்டத்தின் ஒரு முனை நம் ஊரிலேயே இருக்கிறது. நேப்பியர் சாலையில் இன்டர்போலின் புத்தாக்க வளாகம் 2015இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், 770,000 கணினிகளைப் பிடித்து வைத்திருந்த ‘சிம்டா’ வலைப்பின்னலை முடக்கிய பன்னாட்டு நடவடிக்கை அங்கிருந்துதான் ஒருங்கிணைக்கப்பட்டது. 2025இன் முதல் நான்கு மாதங்களில் இன்ஃபோஸ்டீலர்களுக்கு எதிராக இன்டர்போல் 26 நாடுகளுடன் சேர்ந்து நடத்திய ‘ஆபரேஷன் செக்யூர்’ நடவடிக்கையில் 20,000க்கும் மேற்பட்ட தீய இணைய முகவரிகள் முடக்கப்பட்டன, 32 பேர் கைதானார்கள், 216,000 பேருக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது. இத்தனை நடந்தும், அந்த முகவரிகளுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்த கணினி ஏதோ ஒரு வீட்டின் வரவேற்பறையில் இருந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. சேவையகத்தை முடக்கக் காவல்துறையால் முடியும். வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்ய வீட்டார்தான் வேண்டும்.

உளவு நிரலின் பொறுமை எவ்வளவு நீண்டது என்பதற்குச் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் விவகாரத்தை விட நமக்கு வேறு சான்று தேவையில்லை. 2018 ஜூலையில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அவர்களுள் 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் தகவல்கள் திரும்பத் திரும்பக் குறிவைக்கப்பட்டன. ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானபோது தெரிந்தது என்ன? ஊடுருவியவர்கள் 2017 ஆகஸ்ட்டிலேயே பணியாளர் பயன்படுத்தும் கணினி வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். பத்து மாதம் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். அத்தனை வசதியுள்ள அமைப்பிலேயே இந்த நிலை. வழக்கமான சோதனை ஏதும் இல்லாத வீட்டில் எத்தனை காலம் இருப்பார்கள்?

நாமே கதவைத் திறக்கும் இடங்கள்

தமிழ் வீடுகளில் மிகப் பெரிய வாசல், திருட்டுப் பட இணையத்தளங்கள். வெள்ளிக்கிழமை வெளியான படத்தைச் சனிக்கிழமை இலவசமாகப் பார்க்கத் தேடுகிறோம். அந்தப் பக்கத்தில் ‘பிளே’ பொத்தான் ஐந்தாறு இருக்கும், பெரும்பாலானவை பொய். ஒன்றை அழுத்தினால் ‘வீடியோ பிளேயரைப் புதுப்பிக்கவும்’ என்று ஒரு கோப்பு இறங்கும். படம் என்றால் அந்தக் கோப்பின் பெயர் ‘இஎக்ஸ்இ’ என்று முடியாது. இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவைப்பது அவசியம்.

அடுத்தது பிள்ளைகளின் விளையாட்டு. இலவச நாணயம், குறுக்குவழி என்று ஆசைகாட்டும் நிரல்கள். மூன்றாவது, விலை கொடுக்காமல் பயன்படுத்த உடைக்கப்பட்ட மென்பொருள்கள். இவை இரண்டோடும் ஒரு குறிப்பு வரும்: நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கோப்புறையைச் சோதனையிலிருந்து விலக்கிவிடுங்கள். காவலரை வெளியே அனுப்பச் சொல்லும் எந்த மென்பொருளும் வீட்டுக்குள் வரத் தகுதியற்றது. இதில் விதிவிலக்கே கிடையாது.

அண்மைக் காலத்தில் இன்னொரு வழியும் பரவியிருக்கிறது. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்று திரையில் ஒரு பெட்டி வரும். விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் சேர்த்து அழுத்து, பிறகு ஒட்டு, பிறகு என்டர் தட்டு என்று வழிகாட்டும். அப்படிச் செய்பவர் தம் கையாலேயே உளவு நிரலை ஏற்றிக்கொள்கிறார். உண்மையான எந்தத் தளமும் இப்படிக் கேட்பதில்லை.

நேரம் குறிப்பது எப்படி

இப்போது கணினிக்கு வருவோம். நம் வீடுகளில் விண்டோஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் திரையில் தெரியும் பெயர்களையே சொல்கிறேன்.

ஸ்டார்ட் தேடலில் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்று தட்டச்சு செய்து திறங்கள். இடப்பக்கத்தில் ‘டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி’, அதற்குள் ‘மைக்ரோசாஃப்ட்’, அதற்குள் ‘விண்டோஸ்’, அதற்குள் ‘விண்டோஸ் டிஃபெண்டர்’. அங்கே ‘விண்டோஸ் டிஃபெண்டர் ஷெட்யூல்டு ஸ்கேன்’ என்று ஒரு வரி இருக்கும். அதை இருமுறை சொடுக்கி ‘டிரிகர்ஸ்’ பக்கத்துக்குப் போனால் பலருக்கு வியப்பு காத்திருக்கும். அந்தப் பக்கம் வழக்கமாகக் காலியாகவே இருக்கும். தனக்கென்று நேரம் இல்லாமல், தொடக்கத்தில் சொன்ன இரவு 2 மணிப் பராமரிப்பையே அது நம்பியிருக்கிறது.

‘நியூ’ என்பதை அழுத்தி, நாள்தோறும் அல்லது வாரந்தோறும் ஒரு நேரத்தைக் கொடுங்கள். எந்த நேரம் என்பதில்தான் யோசனை தேவை. வீட்டில் கணினி உறுதியாகத் திறந்திருக்கும் நேரம் எது? பல வீடுகளில் அது இரவு உணவு வேளை. பிள்ளை வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டுச் சாப்பிட வரும் எட்டு மணி. கணினி திறந்தபடி, சார்ஜரோடு, யாரும் தொடாமல் அரை மணி நேரம் இருக்கும். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மூத்தவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் காலை பத்து மணி.

அடுத்து ‘கண்டிஷன்ஸ்’ பக்கம். மின்னிணைப்பில் இருந்தால் மட்டுமே ஓட வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே இருக்கும். எப்போதும் மின்கலத்தில் பயன்படுத்துபவர்கள் அதை எடுத்துவிடலாம். ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில், குறித்த நேரம் தவறினால் முடிந்தவரை விரைவில் ஓடட்டும் என்ற பொருள் தரும் வரியில் கட்டாயம் குறி இடுங்கள். தீபாவளிச் சமயத்தில் சிராங்கூன் சாலைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டால் எட்டு மணிச் சோதனை தவறும். இந்தக் குறி இருந்தால், திரும்பி வந்து கணினியைத் திறந்ததும் விட்ட வேலை தொடங்கும்.

இந்த ஏற்பாடு வழக்கமாகச் செய்வது ‘குயிக் ஸ்கேன்’. நிரல்கள் தொற்றிக்கொண்டு தானாக இயங்கத் தொடங்கும் இடங்களை மட்டும் அது பார்க்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். டிஃபெண்டரின் நேரடிக் காவல் இயங்கிக்கொண்டிருக்கும்வரை அன்றாடத்துக்கு இதுவே போதும் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரையும்கூட. எல்லாக் கோப்புகளையும் துருவும் ‘ஃபுல் ஸ்கேன்’ சில மணி நேரம் எடுக்கும். பழைய கணினியில் அதை நாள்தோறும் ஓட விட்டால், எரிச்சலடைந்த யாரோ ஒருவர் டிஃபெண்டரையே அணைத்துவிடுவார். அதை மாதம் ஒருமுறை கையால் தொடங்கினால் போதும். டெங்கிப் பருவத்தில் பூச்சட்டித் தட்டுகளைப் பார்க்கிறோமே, அதுபோல நாள் தவறாத சிறு சோதனைதான் பலன் தரும்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இன்னொரு வகை, ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சில நிரல்கள் தம்மை மறைத்துக்கொள்ளும். ஆஃப்லைன் ஸ்கேன் கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கிறது. ஏறக்குறைய 15 நிமிட வேலை. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’, அதற்குள் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ என்று போனால் கிடைக்கும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அதே ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். ‘டேம்பர் ப்ரொடெக்‌ஷன்’ இயக்கத்தில் இருக்க வேண்டும், பிற நிரல்கள் டிஃபெண்டரின் அமைப்புகளை மாற்றாமல் அது தடுக்கும். தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் வசதியும் இயக்கத்தில் இருக்கட்டும். கடைசியாக ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியல். சோதனையிலிருந்து விலக்கப்பட்ட கோப்புகள் அதில் இருக்கும். சாதாரண வீட்டுக் கணினியில் அது காலியாகவே இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்காத ஏதாவது அங்கே இருந்தால், உளவாளி தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட அறை அது என்றே கருதுங்கள். நீக்கிவிட்டு ஆஃப்லைன் ஸ்கேனைத் தொடங்குங்கள்.

புதிய மடிக்கணினியோடு வேறொரு ஆன்டிவைரஸ் சோதனைக் காலத்துக்கு இலவசமாக வந்திருந்தால், அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். காசு கட்டித் தொடரும் எண்ணம் இல்லையென்றால் அதை முறையாக நீக்கிவிடுங்கள். இரண்டு காவலர்களை ஒரே நேரத்தில் முழுநேரமும் ஓட விடுவது கணினிக்கு ஆகாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதிலுள்ள ‘எக்ஸ்ப்ரொடெக்ட்’ பின்னணியில் தானே ஓடும், நேரம் குறிக்க இடமில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தன. அதிலுள்ள டிஃபெண்டருக்குப் புதிய நிரல்களை அடையாளம் காட்டும் தகவல்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. இதைக் கேட்டு நிம்மதி கொள்ள வேண்டாம். அடையாளம் தெரிந்த காவலர் வாசலில் நின்றாலும், சுவரில் விழும் புது ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும்.

வீட்டுக்கு நான் பரிந்துரைக்கும் இன்னொரு மாற்றம்: பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனிக் கணக்கு, அவற்றுக்கு நிர்வாகி அதிகாரம் வேண்டாம். அன்றாட வேலைக்கு அப்பாவும்கூடச் சாதாரணக் கணக்கையே பயன்படுத்தலாம். புதிதாக எதையாவது நிறுவ வேண்டுமானால் கடவுச்சொல் கேட்கும். அந்த ஒரு கேள்வி, கையைத் தடுத்து ஒரு கணம் யோசிக்க வைக்கும்.

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு மாலை தேக்கா நிலையத்தைச் சுற்றியும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் கூடும் வெளிநாட்டு ஊழியர்களில் பலரிடம் மடிக்கணினி இருக்காது. அவர்களுக்கு வங்கி, ஊருக்குப் பணம் அனுப்புவது, படம் பார்ப்பது, மனைவி மக்கள் முகம் பார்ப்பது எல்லாம் ஆண்ட்ராய்டு கைப்பேசியில்தான். ஆகவே வீட்டுக் கணினி பற்றிய பேச்சு கைப்பேசியைத் தொடாமல் முடியாது.

2023இல் இந்த ஊர் பட்ட பாடு சிறிதல்ல. வீட்டைச் சுத்தம் செய்து தருகிறோம், மலிவு விலையில் கடலுணவு தருகிறோம் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் வரும். தொடர்புகொண்டால் வாட்ஸ்அப்பில் ‘ஏபிகே’ கோப்பு ஒன்று வரும், இதை ஏற்றினால்தான் முன்பதிவு செய்யலாம் என்பார்கள். ஏற்றியதும் அது ‘அக்சசிபிலிட்டி’ அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் திரையைப் பார்க்கும், தட்டும் எழுத்தைப் படிக்கும், ஓடிபி குறுஞ்செய்தியைத் திருடும். பணத்தை எடுத்த பின் கைப்பேசியையே துடைத்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும். அந்த ஒரே ஆண்டில் 1,899 பேர் இப்படி ஏமாந்தனர், போன தொகை குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி. ஜூன் மாதத்தில் இருவரின் மத்திய சேமநிதியிலிருந்தே ஏறத்தாழ ஒரு லட்சம் வெள்ளி போனது. வாழ்நாள் உழைப்பு அது.

அதற்குப் பிறகு நடந்தது நம்பிக்கை தருவது. வங்கிச் செயலிகள் ஆபத்தான செயலி இருக்கும் கைப்பேசியில் திறக்க மறுத்தன. வங்கிகள் பணத்தைப் பூட்டிவைக்கும் வசதியை 2023 நவம்பரில் தொடங்கின. 2024 பிப்ரவரியில் கூகுள், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, குறுஞ்செய்தி படிக்கவும் அக்சசிபிலிட்டியைப் பயன்படுத்தவும் அனுமதி கேட்கும் வெளிச்செயலிகளைத் தானாகத் தடுக்கும் ஏற்பாட்டை உலகிலேயே முதன்முதலாக இங்கே சோதித்தது. அது பிறகு இந்தியாவுக்கும் போனது. 2024இல் இவ்வகைப் புகார்கள் வெகுவாகக் குறைந்தன. அமைப்புகளைச் சரியாக வைத்தாலே திருட்டு குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

கைப்பேசியில் செய்ய வேண்டியது சிறிது. ‘பிளே ஸ்டோர்’ திறந்து, மேலே உங்கள் படத்தை அழுத்தி, ‘பிளே ப்ரொடெக்ட்’ போங்கள். இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், ‘ஸ்கேன்’ அழுத்துங்கள். அதை அணைக்கச் சொல்லி யார் வழிகாட்டினாலும், அவர் நண்பரின் நண்பரே ஆனாலும், பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பிடிபட்டால்

சோதனையில் உளவு நிரல் சிக்கினால், நீக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெருந்தவறு. நிரல் போயிருக்கும், அது அனுப்பிய கடவுச்சொற்கள் திரும்பி வரா. முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். சுத்தமான வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கொடுங்கள், திருடிய குக்கி அப்போதுதான் செத்துப்போகும். பணம் நகர்ந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் வங்கியின் அவசர முடக்க வசதியைப் பயன்படுத்தி, காவல்துறையில் புகார் கொடுங்கள். மோசடியா இல்லையா என்ற குழப்பத்துக்கு, மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் 1799 எண் இருக்கிறது. திரையில் அலறலோடு தோன்றி ‘உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று சொல்லும் எச்சரிக்கைகளை மட்டும் நம்பவே வேண்டாம். உண்மையான டிஃபெண்டர் யாரையும் தொலைபேசியில் அழைக்கச் சொல்வதில்லை.

நம் வீடுகளில் கணினியை அமைத்துத் தருபவர் பெரும்பாலும் மூத்த பிள்ளை. அவர் தேசிய சேவைக்கோ பல்கலைக்கழக விடுதிக்கோ போன பின் அந்தக் கணினி பொறுப்பாளர் இல்லாமல் பெற்றோரிடம் நின்றுவிடுகிறது. சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் இருக்கும் மின்னிலக்கத் தூதர்கள் மூத்தோருக்குக் கற்றுத்தருகிறார்கள், தயங்காமல் போகலாம். ஆனால் இந்தத் தீவில் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை பார்க்கும் தமிழர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த விடுமுறை நாளில் பெற்றோர் வீட்டுக் கணினியையும், பக்கத்து வீட்டுப் பாட்டியின் கைப்பேசியையும், விடுதியில் இருக்கும் ஊர்க்காரத் தம்பியின் கைப்பேசியையும் வாங்கிப் பாருங்கள். நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்பதை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்படி, அவர்கள் விரலாலேயே செய்ய வையுங்கள்.